மெமரி அலோகேட்டரில் ஒரு வசதி சேர்ப்பதென்றால்: லினக்ஸ் கெர்னல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கெர்னலின் மெமரி அலோகேட்டரில், அதாவது கேட்பவர்களுக்கு ரேமைப் பங்கிட்டுத் தரும் பகுதியில், கைவைக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். கணக்குகள் எல்லாம் 64 பிட் எக்ஸ்86 கணினி, 4 கேபி பேஜ் (ரேமைப் பிரிக்கும் அடிப்படைத் துண்டு) என்று வைத்துப் போட்டவை. முன்பே சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. அலோகேட்டர்னா சி மொழியில வர்ற மல்லாக்தானே? கெர்னலுக்குள்ள தனியா ஒண்ணு இருக்கா?

ஒன்றில்லை, அடுக்கடுக்காக இருக்கின்றன. அடியில் இருப்பது பேஜ் அலோகேட்டர். பட்டி (buddy) முறையில் 4 கேபி, 8 கேபி, 16 கேபி என்று இரட்டித்துக்கொண்டே போய் 4 எம்பி வரையுள்ள துண்டுகளைத் தரும். இந்த அளவுகளுக்கு ஆர்டர் 0 முதல் ஆர்டர் 10 வரை என்று பெயர். அதன் மேல் ஸ்லப் உட்கார்ந்திருக்கிறது. அது பேஜ்களை வாங்கி, 8, 16, 32, 64, 96, 128, 192, 256 பைட் என்று சிறு ஆப்ஜெக்ட்களாக நறுக்கிக் கொடுக்கிறது. ஒரே வகை ஆப்ஜெக்ட்களின் தொகுப்புக்கும் கேஷ் என்றுதான் பெயர், சிபியுவுக்குள் இருக்கும் கேஷ் வேறு. கெர்னலில் கேமல்லாக் என்று கூப்பிட்டால் வந்து சேரும் இடம் இதுதான். முகவரியில் மட்டும் தொடர்ச்சி இருந்தால் போதும், ரேமில் சிதறிக் கிடக்கலாம் என்றால் விமல்லாக்.

உங்கள் நிரலில் இருக்கும் மல்லாக் கெர்னலுக்கு வெளியே, லைப்ரரியில் ஓடுவது. அதில் பிழை நேர்ந்தால் அந்த ஒரு நிரல் விழும். கெர்னல் அலோகேட்டரில் நேர்ந்தால் இயந்திரமே விழும். வேகம் குறைந்தாலும் அப்படித்தான், ஓடிக்கொண்டிருக்கும் எல்லாமே சேர்ந்து மெதுவாகும்.

2. முன்னாடி ஸ்லாப், ஸ்லப், ஸ்லோப்னு மூணு இருந்துச்சே. இப்ப ஏன் ஒண்ணு மட்டும்?

சோலாரிஸ் 2.4 இயங்குதளத்துக்காக ஜெஃப் பான்விக் வடிவமைத்து 1994இல் வெளியிட்ட ஸ்லாப் முறைதான் மூலம். லினக்ஸின் ஸ்லாப் அதன் வழியில் வந்தது. கிறிஸ்டோஃப் லாமீட்டர் எழுதிய ஸ்லப் 2007இல் 2.6.22 பதிப்பில் நுழைந்தது. மிகச் சிறிய கருவிகளுக்கென்று ஸ்லோப் இருந்தது. 2023இல் 6.4 பதிப்பில் ஸ்லோப்பும், 2024இல் 6.8 பதிப்பில் ஸ்லாப்பும் நீக்கப்பட்டன.

ஸ்லாப் மோசமாக இருந்ததால் நீக்கினார்கள் என்று சொல்ல முடியாது, சில வேலைகளுக்கு அதுவே வேகமாக இருந்தது. ஆனால் எந்தப் புது வசதி வந்தாலும் மூன்று இடத்தில் எழுதி, மூன்று இடத்தில் சோதித்து, மூன்றிலும் பிழை பார்க்க வேண்டியிருந்தது. பாதுகாப்பு வசதிகள் பலவும் ஸ்லப்பில் மட்டும் முழுமையாகவும் மற்றவற்றில் அரைகுறையாகவும் நின்றன. வசதி சேர்ப்பதன் விலையில் பராமரிப்பும் அடக்கம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

3. ஒரே ஒரு இஃப் கண்டிஷன் போடறேன். அதுல என்ன ஆகிடப் போகுது?

எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்லப்பின் ஃபாஸ்ட் பாத், அதாவது வழக்கமான ஒதுக்கீடு போகும் குறுக்கு வழி, மிகச் சிறியது. அந்தந்த சிபியுவின் ஃப்ரீலிஸ்ட் (காலி ஆப்ஜெக்ட்களின் பட்டியல்) தலையில் இருக்கும் ஆப்ஜெக்டை எடுக்க வேண்டும், தலையையும் ஒரு வரிசை எண்ணையும் ஒரே இரட்டை கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் கட்டளையில் (எதிர்பார்த்த மதிப்பு இருந்தால் மட்டும் மாற்றுவது) மாற்ற வேண்டும், அவ்வளவுதான். லாக் எடுப்பதில்லை, இன்டரப்டை அணைப்பதும் இல்லை. அங்கே ஒரு நிபந்தனை சேர்த்தால், அந்த நிபந்தனை பார்க்கும் மாறி எந்த கேஷ் லைனில் (சிபியு தன் கேஷுக்கு ஒரே வீச்சில் கொண்டுவரும் துண்டு) இருக்கிறது என்பதே முதல் கேள்வி. ஏற்கெனவே தொட்ட லைனில் இருந்தால் செலவு தெரியவே தெரியாது. புது லைன் என்றால் தெரியும்.

எவ்வளவு தெரியும்? 10 ஜிகாபிட் ஈதர்நெட்டில் மிகச் சிறிய ஃப்ரேம் கம்பியில் 84 பைட் இடம் பிடிக்கும். நொடிக்கு சுமார் 1.488 கோடி ஃப்ரேம்கள், ஒன்றுக்குக் கிடைப்பது 67.2 நானோ செகண்ட். 3 கிகாஹெர்ட்ஸ் சிபியுவில் ஏறத்தாழ 200 சைக்கிள். இதற்குள் மெமரி எடுத்து, நிரப்பி, அனுப்பி, திருப்பிக் கொடுத்தும் ஆக வேண்டும். ரேம் வரை போகும் ஒரே ஒரு கேஷ் மிஸ் இந்தக் கணக்கை ஏறக்குறைய தின்றுவிடும். 100 ஜிகாபிட்டில் கிடைப்பது 6.72 நானோ செகண்ட்.

இன்னொரு விளைவும் உண்டு. அலோகேட்டர் மெதுவானால் அதை அதிகம் பயன்படுத்துபவர்கள் அதற்கு மேல் தங்களுக்கென்று ஒரு கையிருப்பு கட்டிக்கொள்வார்கள். நெட்வொர்க் பகுதியின் பேஜ் பூல் அப்படி வந்தது. அந்தக் கையிருப்பு அலோகேட்டரின் கண்ணுக்குப் படாது. நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வசதியும் அங்கே செல்லாது.

4. தேவைப்பட்டவங்க மட்டும் ஆன் பண்ணிக்கட்டும். ஆஃப்ல இருந்தா செலவு இல்லதானே?

அந்த இஃப் நிபந்தனைக்கு ஆகும் செலவை ஏறக்குறைய இல்லாமல் செய்ய வழி இருக்கிறது. ஸ்டாடிக் கீ என்று பெயர். அணைந்திருக்கும்போது அந்த இடத்தில் ஒன்றும் செய்யாத கட்டளை ஒன்று மட்டும் கிடக்கும். இயக்கும்போது கெர்னல் தன் நிரலையே திருத்தி அதை ஜம்ப்பாக மாற்றும். அப்படித் திருத்தும்போது எல்லா சிபியுவையும் தட்டி எழுப்ப வேண்டியிருப்பதால் அடிக்கடி மாற்றும் சுவிட்சுக்கு இது ஆகாது. கேஃபென்ஸ் என்ற பிழை பிடிக்கும் வசதி (13ஆம் கேள்வி) முதலில் 100 மில்லி செகண்டுக்கு ஒருமுறை இப்படி மாற்றிக்கொண்டிருந்தது. சிபியு எண்ணிக்கை அதிகமுள்ள இயந்திரங்களில் அதுவே தொந்தரவாகி, பிறகு இயல்பு அமைப்பில் சாதாரண நிபந்தனைக்கே திரும்பினார்கள்.

ஸ்டாடிக் கீயால் காப்பாற்ற முடியாதவை இரண்டு. வசதிக்காக ஸ்ட்ரக்டில் ஒரு புலம் சேர்த்திருந்தால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் அந்த இடம் போனது போனதுதான். நிரல் பருத்தால் இன்ஸ்ட்ரக்ஷன் கேஷிலும் இடம் போகும். கெர்னலை கம்பைல் செய்யும்போதே நீக்கிவிடலாமே என்பார்கள். டிஸ்ட்ரோக்கள் எல்லாருக்கும் ஒரே கெர்னலைத்தான் தருகின்றன, யாரோ ஒருவருக்குத் தேவை என்றால் அது எல்லாருக்கும் கம்பைல் ஆகியே வரும். கல்யாணத்துக்கு வராதவனும் மொய் எழுதுகிற கதைதான்.

5. ஸ்ட்ரக்ட் பேஜ்ல எட்டே எட்டு பைட் கேட்டா ஏன் இப்படி சண்டைக்கு வர்றாங்க?

ரேமில் இருக்கும் ஒவ்வொரு 4 கேபி பேஜுக்கும் ஒரு ஸ்ட்ரக்ட் பேஜ் உண்டு. அதன் அளவு வழக்கமாக 64 பைட், சரியாக ஒரு கேஷ் லைன். 16 ஜிபி இயந்திரத்தில் 41,94,304 பேஜ்கள் இருக்கும், ஆக 256 எம்பி இதற்கே போகிறது. மொத்த ரேமில் 1.56 சதவீதம்.

8 பைட் சேர்த்தால் 72 என்று நினைப்போம். இரட்டை கம்பேர்-எக்ஸ்சேஞ்சுக்கு 16 பைட் எல்லையில் தொடங்கியாக வேண்டும் என்பதால் எக்ஸ்86இல் அது 80 ஆகிவிடும். 16 ஜிபிக்கு 64 எம்பி கூடுதல். அதோடு நிற்காது. 64 இருந்தவரை ஒரு பேஜின் விவரம் ஒரே லைனில் கிடைத்தது. 80 ஆனதும் பல பேஜ்களின் விவரம் இரண்டு லைன்களில் விழும், பேஜ் பட்டியலை வரிசையாகப் புரட்டும் ஒவ்வொரு வேலையும் கூடுதல் லைன்களைத் தொடும். அந்த ஸ்ட்ரக்டுக்குள் யூனியன் மேல் யூனியனாக அடுக்கி, ஒரே இடத்தைப் பத்துப் பேர் பத்து அர்த்தத்தில் பயன்படுத்துவது படிக்கக் கொடுமையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

6. சரி, ஆப்ஜெக்டுக்குப் பக்கத்திலேயே வச்சுக்கறேன். அங்க இடம் இருக்குமே?

256 பைட் ஆப்ஜெக்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பேஜில் சரியாக 16 அடங்கும். 8 பைட் சேர்த்து 264 ஆக்கினால் 15 அடங்கும், மீதி 136 பைட் வீண். ஆறு சதவீதம் போயிற்று, பரவாயில்லை என்று தோன்றலாம்.

சிக்கல் அடுத்து வருகிறது. 2019இல் 5.4 பதிப்பிலிருந்து கேமல்லாக் ஒரு வாக்கு கொடுத்திருக்கிறது. இரண்டின் அடுக்காக உள்ள அளவைக் கேட்டால் முகவரியும் அதே அளவின் எல்லையில் இருக்கும் என்பதே அது. 256 கேட்டால் 256இன் மடங்கில் முகவரி வரும். சில டிரைவர்களும் ஃபைல் சிஸ்டங்களும் இதை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே பக்கத்தில் ஒரு பைட் வைத்தாலும் அடுத்த ஆப்ஜெக்ட் அடுத்த 256 எல்லைக்குத் தள்ளப்படும். ஒரு ஆப்ஜெக்ட் குறைந்தது 512 பைட் பிடிக்கும், ஒரு பேஜில் அதிகபட்சம் 8. ஸ்லப் டீபக்கில் ரெட் ஸோன் (வழிதலைப் பிடிக்க ஆப்ஜெக்டின் பக்கத்தில் வைக்கும் காவல் பைட்கள்) இயக்கியதும் கேமல்லாக் கேஷ்கள் இப்படிப் பருப்பதைப் பார்த்துவிட்டு மெமரி லீக் என்று பதறுபவர்கள் உண்டு. லீக் எதுவும் இல்லை, எல்லை ஒழுங்குதான் காரணம்.

7. அப்ப எங்கேதான் வைக்கிறது?

தனி அட்டவணையில். பேஜுக்கான கூடுதல் தகவலுக்கு பேஜ் எக்ஸ்ட் என்ற இணை அட்டவணை இருக்கிறது. பூட் ஆகும்போது யாரேனும் கேட்டிருந்தால் மட்டும் ஒதுக்கப்படும், கேட்காவிட்டால் ஒரு பைட்கூடப் போகாது. பேஜை வாங்கியது யார் என்று குறித்துவைக்கும் பேஜ் ஓனர் போன்ற வசதிகள் அங்கே குடியிருக்கின்றன. அதைப் போய்ப் பார்க்க இன்னொரு கேஷ் லைன் தொட வேண்டும், ஆனால் அந்தச் செலவு வசதியைக் கேட்டவருக்கு மட்டும்.

ஸ்லப் ஆப்ஜெக்ட்களுக்கு சிகுரூப் (நிரல்களைக் குழுவாக்கி மெமரிக்கு வரம்பு வைக்கும் வசதி) கணக்கு நல்ல பாடம். ஒவ்வொரு மெமரி சிகுரூப்புக்கும் தனித்தனி ஸ்லாப் கேஷ்களை உருவாக்குவதுதான் முதல் வடிவம். கேஷுக்குள் யாருடைய ஆப்ஜெக்ட் என்று தேட வேண்டியதில்லை, ஃபாஸ்ட் பாத்தில் செலவு குறைவு. அழகான யோசனைதான். ஆனால் நூற்றுக்கணக்கான கன்டெய்னர்கள் வந்ததும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேஷிலும் ஒன்றிரண்டு ஆப்ஜெக்ட்களை வைத்துக்கொண்டு முழு ஸ்லாப் பேஜ்களைப் பிடித்துக்கொண்டது. பாதி காலியான பேஜ்கள் குவிந்தன. 2020இல் 5.9 பதிப்பில் ரோமன் குஷ்சின் அதைப் புரட்டிப் போட்டார். எல்லா சிகுரூப்புகளும் ஒரே பேஜைப் பகிரும், ஒவ்வொரு ஆப்ஜெக்டும் யாருடையது என்று 8 பைட் சுட்டி ஒரு பக்க அட்டவணையில் இருக்கும். ஆப்ஜெக்டுக்கு 8 பைட் கூடியும் மொத்தத்தில் பெருமளவு மெமரி மிச்சமானது.

8. அட்டவணைக்கு மெமரி வேணுமே. அலோகேட்டருக்குள்ள இருந்துகிட்டே அலோகேட் பண்ணலாமா?

பண்ணலாம், ஆனால் வட்டமடிக்கும். ஆப்ஜெக்டுக்கான அட்டவணையை ஒதுக்கப் போனால், அந்த ஒதுக்கீட்டுக்கும் ஓர் அட்டவணை வேண்டும், அதற்கும் ஒன்று. இதை வெட்ட "இதற்குக் கூடுதல் தகவல் வேண்டாம்" என்று ஒரு கொடியையே தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

ஒதுக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அட்டவணை கிடைக்காததால் முதன்மை ஒதுக்கீட்டைத் தோல்வி என்று சொல்லிவிட்டால், அதுவரை ஓடிய நிரல் உங்கள் வசதியால் விழும். விடாமல் மறந்த மெமரியைத் தேடும் கேமெம்லீக் என்ற கருவி, தன் பதிவுக்கு மெமரி கிடைக்காதபோது தன்னையே அணைத்துக்கொண்டு ஒதுங்கிவிடும். டீபக் வசதிக்கு அது சரி. பாதுகாப்பு வசதி அப்படிச் சத்தமில்லாமல் ஒதுங்கக் கூடாது.

9. ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு கையிருப்பு கொடுத்துட்டா லாக் பிரச்சினை தீர்ந்துடுமே?

லாக் பிரச்சினை தீரும், அதற்குப் பதில் மூன்று பிரச்சினை வரும். முதலாவது முடக்கம். சிபியுவுக்கு 1 எம்பி கையிருப்பு என்றால் 256 சிபியு இயந்திரத்தில் 256 எம்பி சும்மா தூங்கும். ஒருவர் மெமரி கிடைக்காமல் திண்டாடும்போது பக்கத்து சிபியுவிடம் அது இருக்கும், எடுக்க முடியாது.

இரண்டாவது, திரும்பப் பெறுவது. அந்தந்த சிபியுதான் தன் பட்டியலைத் தொடலாம் என்று வைத்தால் லாக் தேவையில்லை, ஆனால் காலிசெய்ய அந்த சிபியுவையே எழுப்ப வேண்டும். தொந்தரவே கூடாது என்று தனிமைப்படுத்தி வைத்த சிபியுவை, எங்கோ நடக்கும் மெமரி நெருக்கடிக்காக எழுப்புவது ரியல்டைம் வேலைகளைக் கெடுத்தது. 2022இல் பேஜ் அலோகேட்டரின் சிபியு பட்டியல்களுக்கு ஒரு ஸ்பின்லாக் சேர்த்து, வெளியிலிருந்தும் காலிசெய்ய முடியுமாறு மாற்றினார்கள். போட்டியே இல்லாத லாக் மலிவானது, அதற்கான விலையைத் தெரிந்தே கொடுத்தார்கள்.

மூன்றாவது, ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் விடுவது. நெட்வொர்க்கில் ஒரு சிபியு பாக்கெட்டை வாங்கும், வேறொன்று விடும். அப்போது ஒரு பக்கம் நிரம்பி வழியும், மறுபக்கம் காய்ந்து கிடக்கும், ஃபாஸ்ட் பாத் பெயருக்கு இருந்தும் எல்லாம் ஸ்லோ பாத்தில் போகும். விலாஸ்டிமில் பப்கா கொண்டுவந்து 2025இல் 6.18இல் சேர்ந்த ஷீவ்ஸ் என்ற அடுக்கு, ஆப்ஜெக்ட்களைக் கட்டுக்கட்டாக வைத்து மொத்தமாக மாற்றுவதற்கு ஒரு காரணம் இது. எல்லா கேஷுக்கும் உடனே போடாமல், கேட்ட கேஷுக்கு மட்டும் என்று தொடங்கியதும் கவனிக்க வேண்டியது.

10. கொடுக்கும்போதே மெமரியை பூஜ்யமாக்கிட்டா பாதுகாப்புதானே? ஏன் யோசிக்கணும்?

2019இல் 5.3 பதிப்பில் இதற்கு இரண்டு சுவிட்ச் வந்தன: கொடுக்கும்போது துடைப்பது ஒன்று, விடும்போது துடைப்பது இன்னொன்று. பார்வைக்கு ஒரே வேலை, விலை வேறு. கொடுக்கும்போது துடைத்தால், வாங்கியவர் அடுத்த கணமே அதைத் தொடப்போகிறார். துடைத்ததில் கேஷுக்கு வந்த லைன்கள் அவருக்குப் பயன்படும். விடும்போது துடைத்தால், இனி யாரும் உடனே தொடாத மெமரிக்காக கேஷில் இருந்த நல்ல தகவல்கள் வெளியே தள்ளப்படும். கெர்னலின் அமைப்புக் குறிப்பே முதலாவதற்குப் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு, செயற்கைச் சோதனையில் 7 வரை என்கிறது. இரண்டாவதற்கு 3 முதல் 5, செயற்கைச் சோதனையில் 8 வரை.

விடும்போது துடைப்பதற்கு வேறு பலன் உண்டு. பாஸ்வேர்டு, சாவி போன்றவை ரேமில் கிடக்கும் நேரம் குறையும். உபுண்டு, ஆண்ட்ராய்டு கெர்னல்கள் முதலாவதை மட்டும் இயல்பாக இயக்கி வைத்திருப்பது நியாயமான தேர்வு என்றே நினைக்கிறோம்.

பலர் கவனிக்காத விஷயம்: கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை முன்கூட்டியே தயார்செய்யும் ஃபங்ஷன்) உள்ள கேஷ்களிலும், ஆர்சியு (லாக் எடுக்காமல் படிக்கவிடும்) முறையில் விட்ட பிறகும் படிக்க அனுமதிக்கும் கேஷ்களிலும் இந்தத் துடைப்பு நடக்காது. நடந்தால் கன்ஸ்ட்ரக்டர் செய்துவைத்தது அழிந்துபோகும். ஆகவே "எல்லாம் பூஜ்யமாக வரும்" என்று நம்பி டிரைவர் எழுதக் கூடாது.

11. ஃப்ரீலிஸ்ட் சுட்டியை எக்ஸ்ஆர் பண்ணி மறைக்கறாங்களே, அதுக்கு என்ன விலை?

காலி ஆப்ஜெக்டுக்குள்ளேயே அடுத்த காலி ஆப்ஜெக்டின் முகவரியை ஸ்லப் எழுதிவைக்கிறது. பக்கத்து ஆப்ஜெக்ட் வழிந்து அதை மாற்றிவிட்டால், தாக்குபவர் விரும்பிய முகவரியை அலோகேட்டரே எடுத்துக் கொடுக்கும். 4.14இல் வந்த தடுப்பு, அந்தச் சுட்டியை கேஷுக்கென்று உள்ள ஒரு ரகசிய எண்ணோடும் அது இருக்கும் முகவரியோடும் எக்ஸ்ஆர் செய்கிறது. ஒன்றிரண்டு சைக்கிள்தான். பிறகு 5.7இல் முகவரியின் பைட்களைத் தலைகீழாக்கிச் சேர்த்தார்கள். இல்லாவிட்டால் சுட்டியும் முகவரியும் மேல் பிட்களில் ஒன்றுபோல இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, ரகசியம் அப்படியே வெளியே தெரிந்தது.

அதே பதிப்பில் சுட்டியை ஆப்ஜெக்டின் தொடக்கத்திலிருந்து நடுவுக்கும் நகர்த்தினார்கள், சிறு வழிதல் எட்டாதிருக்க. பெரிய ஆப்ஜெக்டில் இதற்கும் விலை உண்டு. தொடக்கத்தில் இருந்தபோது சுட்டியைப் படிக்க வந்த கேஷ் லைனே ஆப்ஜெக்டின் முதல் புலங்களுக்கும் உதவியது. நடுவில் இருந்தால் வேறு லைன்.

12. ஒரே அளவு கேஷ்களை கெர்னல் ஏன் ஒண்ணா சேர்க்குது? பிரிச்சு வச்சா பாதுகாப்பாச்சே?

பிரித்தால் பாதுகாப்பு, சேர்த்தால் சிக்கனம். 192 பைட் ஆப்ஜெக்ட் கேட்கும் ஐந்து கேஷ்கள் தனித்தனியே இருந்தால் ஐந்து பாதி காலியான பேஜ்கள். சேர்ந்தால் ஒன்று. ஆனால் ஒருவகை ஆப்ஜெக்டை விட்ட இடத்தில் வேறு வகை வந்து உட்காரும் என்பதைத்தான் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ தாக்குதல்கள் பயன்படுத்துகின்றன.

நடுவழிகள் இரண்டு வந்தன. 6.6இல் கேமல்லாக் கேஷ்களைப் 16 பிரதிகளாக வைத்து, அழைத்த இடத்தையும் பூட்டின்போது எடுத்த ரகசிய எண்ணையும் கலந்து எந்தப் பிரதி என்று தீர்மானித்தார்கள். 6.11இல், அளவையும் உள்ளடக்கத்தையும் வெளியிலிருந்து தீர்மானிக்கக்கூடிய சில ஒதுக்கீடுகளுக்கு மட்டும் தனித் தொட்டிகள். முதலாவது பரவலானது, ஆனால் வாய்ப்பை நம்பியது. இரண்டாவது உறுதியானது, ஆனால் குறித்த சில இடங்களுக்கு மட்டும். சிறிய ரேம் உள்ள கருவியில் முதலாவதை இயக்குவதற்கு முன் 20ஆம் கேள்வியில் சொன்னபடி அளந்து பாருங்கள்.

13. பிழை கண்டுபிடிக்கற வசதி எல்லாத்தையும் ப்ரொடக்ஷன்லயே போட்டுட்டா?

தவறான மெமரி அணுகலைப் பிடிக்கும் கேஸன் கருவியின் பொது வடிவம் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் வைக்கிறது, எட்டில் ஒரு பங்கு போயிற்று. ஒவ்வொரு படிப்பையும் எழுத்தையும் சரிபார்ப்பதால் கண்கூடாக மெதுவாகும். சோதனைக்கூடத்துக்கு உரியது.

2021இல் 5.12 பதிப்பில் வந்த கேஃபென்ஸ் வேறு வழியில் யோசித்தது. எல்லா ஒதுக்கீட்டையும் பார்க்காது. இயல்பு அமைப்பில் 100 மில்லி செகண்டுக்கு ஒன்றை மட்டும் எடுத்து, இருபுறமும் தொடக் கூடாத பேஜ் உள்ள தனிப் பேஜில் வைக்கும். 255 ஆப்ஜெக்ட், மொத்தம் 2 எம்பி. ஒரு இயந்திரத்தில் குறிப்பிட்ட பிழையைப் பிடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் மாதக்கணக்கில் ஓடினால் பிடிபடும். உங்களிடம் இருப்பது மூன்று சர்வர் என்றால் கேஃபென்ஸ் காவல் காக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

14. எந்த வரி எவ்வளவு மெமரி வாங்கிச்சுன்னு எப்பவுமே தெரியற மாதிரி பண்ண முடியாதா?

முடியும். 2024இல் 6.10 பதிப்பில் வந்துவிட்டது. ஒதுக்கீட்டு ஃபங்ஷன்களை மேக்ரோவாக மாற்றி, ஒவ்வொரு அழைப்பு இடத்திலும் ஒரு நிலையான அடையாளமும் சிபியு வாரியான எண்ணியும் வைத்திருக்கிறார்கள். /ப்ராக்/அலாக்இன்ஃபோவில் கோப்பு, வரி வாரியாகத் தெரியும். ஸ்டாக் ட்ரேஸ் எடுக்காததுதான் இதன் சாமர்த்தியம். யார் யாரை அழைத்தார்கள் என்று தெரியாது, கடைசி இடம் மட்டும் தெரியும், அதனால் மலிவு.

விலை, விடும்போது எந்த எண்ணியைக் குறைப்பது என்று நினைவு வைக்க ஒவ்வொரு பேஜுக்கும் 8 பைட், அதாவது 64 ஜிபிக்கு 128 எம்பி. ஒவ்வொரு ஸ்லப் ஆப்ஜெக்டுக்கும் இன்னொரு 8. பின்னால் பேஜ் கொடிகளில் மிச்சமிருக்கும் பிட்களுக்குள்ளேயே அடையாள எண்ணை நெருக்கி வைக்கும் வழியும் வந்தது. பிட் போதவில்லை என்றால் அந்த வழி கிடைக்காது.

15. என் வசதிக்குன்னு புது ஜிஎஃப்பி கொடி ஒண்ணு கேட்டா தருவாங்களா?

பெரும்பாலும் தர மாட்டார்கள். ஒதுக்கீடு எப்படி நடக்க வேண்டும் என்று அழைப்பவர் சொல்லும் பிட்களே ஜிஎஃப்பி கொடிகள். இருப்பது 32 பிட், பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. அதைவிட முக்கியம், கொடியின் பொருள் மங்கலாக இருந்தால் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் வைத்துக்கொள்வார்கள். ஜிஎஃப்பி_டெம்பரரி என்று ஒன்று இருந்தது. தற்காலிகம் என்றால் எவ்வளவு நேரம் என்று யாரும் வரையறுக்கவில்லை. 2017இல் 4.14இல் நீக்கினார்கள்.

கொடிக்குப் பதில் எல்லை குறிக்கும் முறை பல நேரம் நல்லது. ஃபைல் சிஸ்டத்துக்குள் திரும்ப நுழையக் கூடாத பகுதி தொடங்கும்போது ஒருமுறை சொல்லி, முடியும்போது ஒருமுறை சொன்னால், இடையில் நடக்கும் எல்லா ஒதுக்கீட்டுக்கும் அது செல்லும். ஒவ்வொரு அழைப்பிலும் கொடியைக் கடத்த வேண்டியதில்லை, நடுவில் யாரும் மறக்கவும் முடியாது.

16. ஒதுக்கீடு தோத்துடுச்சுன்னா என் கோட் சமாளிச்சுக்கும். அது போதாதா?

சமாளிக்கும் பாதை ஒருமுறையாவது ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்டர் 3 வரை, அதாவது 32 கேபி வரையுள்ள சாதாரண ஒதுக்கீடுகளை கெர்னல் நடைமுறையில் தோற்கவிடுவதில்லை. திரும்பத் திரும்ப முயலும், கடைசியில் ஓடும் நிரல் ஏதாவது ஒன்றைக் கொன்று மெமரியை மீட்கும். அதனால் தோல்விப் பாதைகளில் பல சோதிக்கப்படாமலே கிடக்கின்றன. தோல்வியைச் செயற்கையாக உண்டாக்கும் ஃபால்ட் இன்ஜெக்ஷன் வசதி கெர்னலிலேயே இருக்கிறது.

17. 2 எம்பி பேஜ் எல்லாருக்கும் நல்லதுதானே? ஏன் ரெடிஸ்காரங்க அணைக்கச் சொல்றாங்க?

2011இல் 2.6.38இல் வந்த டிரான்ஸ்பேரன்ட் ஹ்யூஜ் பேஜ், 4 கேபிக்குப் பதில் 2 எம்பி பேஜ் தந்து, டிஎல்பி (முகவரி மாற்றங்களை நினைவு வைக்கும் சிபியு அட்டவணை) தவறுகளைக் குறைத்துப் பெரிய கணக்கீடுகளை வேகமாக்குகிறது. ரேமிலேயே தகவல் வைக்கும் டேட்டாபேஸான ரெடிஸ், அதை டிஸ்கில் எழுத ஃபோர்க் செய்யும், அதாவது தன் நகல் ஒன்றை உருவாக்கும். 2020க்கு முந்தைய கெர்னல்களில், அதன் பிறகு ஒரு பைட் மாற்றினாலும் 2 எம்பி முழுவதும் நகலாகும். மெமரியும் ஏறும், பதிலும் தாமதமாகும். 5.8 பதிப்பு முதல் பெரிய பேஜை உடைத்து 4 கேபி மட்டும் நகலெடுக்கிறது.

இன்னொரு தாமதம், தொடர்ச்சியான 512 பேஜ் கிடைக்காதபோது பேஜ் ஃபால்ட் நடுவிலேயே மெமரியை ஒழுங்குபடுத்த உட்காருவது. 4.6 முதல் இயல்பு அமைப்பு, கேட்ட நிரலுக்கு மட்டும் அந்த உழைப்பு என்று மாறியது.

18. நான் போட்ட வசதிக்கும் ஹ்யூஜ் பேஜ் கிடைக்காததுக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் வசதி நீண்ட நாள் வைத்திருக்கும் நகர்த்த முடியாத பேஜ்களை அங்கங்கே வாங்குகிறதா? 2 எம்பி தொகுதிக்குள் அப்படி ஒரு 4 கேபி பேஜ் உட்கார்ந்தால் அந்தத் தொகுதி ஹ்யூஜ் பேஜுக்கு ஆகாது. நகரக்கூடியவை, நகராதவை என்று தொகுதிகளைப் பிரித்து வைக்கும் முறை 2.6.24 முதல் இருந்தாலும், நெருக்கடியில் எல்லை மீறப்படும். பெஞ்ச்மார்க்கில் இது தெரியாது, பத்து நாள் ஓடிய இயந்திரத்தில் தெரியும். பூட்டின்போதே மொத்தமாக ஒரே இடத்தில் வாங்கிவைத்தால் தப்பலாம்.

19. பெஞ்ச்மார்க்ல 2 சதவீதம் வேகமா வந்துச்சு. அது போதும்தானே?

2 சதவீதம் என்றால் முதலில் சந்தேகப்படுங்கள். ஒரு ஃபங்ஷனின் முகவரி சற்று நகர்ந்ததாலேயே இவ்வளவு வரலாம். சம்பந்தமில்லாத ஒரு காலி ஃபங்ஷனைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள், எண் மாறினால் முதலில் அளந்தது தற்செயல் ஏற்ற இறக்கம்தான். டர்போவை அணையுங்கள், சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள், நிரலை சிபியுவோடு கட்டுங்கள், இரண்டு கெர்னலையும் மாறி மாறி பூட் செய்து பல முறை ஓட்டுங்கள்.

ஹாக்பெஞ்ச் என்ற சோதனை நிரல் ஒன்றை மட்டும் ஓட்டிவிட்டு வராதீர்கள். அதே சிபியுவில் வாங்கி விடும் வேலை, வேறு சிபியுவில் விடும் வேலை, ரேம் நிரம்பிய நிலை மூன்றும் வேண்டும். 9ஆம் கேள்வியில் சொன்ன சிக்கல்கள் பின்னிரண்டில்தான் வெளிவரும்.

20. பேட்ச் அனுப்பறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்?

பாஹோல் என்ற கருவி கொண்டு ஸ்ட்ரக்டின் அளவையும் கேஷ் லைன் எல்லைகளையும் முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். கெர்னலின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள ப்ளோட்-ஓ-மீட்டர் எந்த ஃபங்ஷன் எத்தனை பைட் பருத்தது என்று சொல்லும். ஒதுக்கீட்டு ஃபங்ஷன்கள் இன்லைனாக ஆயிரக்கணக்கான இடத்தில் விரிவதால், 10 பைட் கூடினால்கூட மொத்தத்தில் கண்ணில் படும். /ப்ராக்/ஸ்லாப்இன்ஃபோவையும் /ப்ராக்/பட்டிஇன்ஃபோவையும் பூட் ஆனதும் ஒருமுறை, சில நாள் ஓடிய பின் ஒருமுறை எடுத்து வையுங்கள். ஃபால்ஸ் ஷேரிங் (வேறு வேறு மாறிகளுக்காக சிபியுக்கள் ஒரே கேஷ் லைனில் மோதுவது) சந்தேகம் இருந்தால் பெர்ஃப் சி2சி கருவியை ஓட்டுங்கள்.

பிறகு சேர்க்கைகள். 10ஆம் கேள்வியின் துடைப்பும் ஸ்லப் டீபக்கின் பாய்ஸனும் (காலி மெமரியில் எழுதிவைக்கும் அடையாள பைட்கள்) ஒரே பைட்களை எழுதப் போட்டியிடும், பாய்ஸன் இயங்கினால் அதற்கே முன்னுரிமை. உங்கள் வசதி இவ்விரண்டோடும், கேஸனோடும், சிகுரூப் கணக்கோடும் சேர்ந்து பூட் ஆகிறதா என்று தனித்தனியே பாருங்கள்.

21. பின்னாடி வேண்டாம்னா எடுத்துடலாம்தானே?

உள்ளே இருப்பதை எடுக்கலாம். வெளியே காட்டியதை எடுப்பது கடினம். /ப்ராக்/ஸ்லாப்இன்ஃபோவைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் ட்யூனபிள்ஸ் என்ற தலைப்பின் கீழ் மூன்று எண்கள் இருக்கும். அவை ஸ்லாப் காலத்து அமைப்புகள், ஸ்லப்புக்கு அவை கிடையவே கிடையாது. ஸ்லாப் 2024இல் போய்விட்டது. அந்தக் கோப்பைப் படிக்கும் கருவிகள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக எல்லா வரியிலும் இன்றும் 0 0 0 என்று அச்சாகிக்கொண்டிருக்கிறது.